ஒட்டடைக் குச்சியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!

விடியற்காலை 4:40. மார்கழிப் பனியில் மொட்டைமாடித் துணிக்கொடி நனைந்து தொங்குகிறது. கொடிக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் நடுவே, டார்ச் வெளிச்சத்தில், மிளகு அளவில் ஓர் உடம்பு. பின்புறத்தை லேசாகத் தூக்கி ஒரு நூலைக் காற்றில் விடுகிறது. நூல் நீள்கிறது, நெளிகிறது, கறிவேப்பிலைக் காம்பு ஒன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. காலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கிறது சிலந்தி. பிடித்துவிட்டது. அந்தப் பாலத்தின் மேல் நடந்தபடியே இன்னொரு இழையைச் சேர்த்துக் கெட்டிப்படுத்துகிறது. பிறகு நடுவிலிருந்து தொங்கி இறங்கி, மூன்றாவது முனையைக் கீழே கட்டுகிறது. சட்டம் தயார்.

அதன்பின் வேலை வேகம் பிடிக்கிறது. சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல மையத்திலிருந்து நாலாபக்கமும் இழைகள். அடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தாராளமாக இடைவெளி விட்டு, பசையே இல்லாத ஒரு சுருள். கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி. விளிம்பை எட்டியதும் திரும்பி உள்பக்கமாக வருகிறது. இப்போது விடுவது பசை இழை, நெருக்கமான சுற்றுகள். வந்த வழியில் பழைய சாரத்தைப் பிரித்துக்கொண்டே வருகிறது. கால்தான் அளவுகோல். எட்டுகிறது, தொடுகிறது, இழுத்து ஒட்டுகிறது, நகர்கிறது. ஒரு சுற்றில்கூட இடைவெளி பிசகவில்லை.

கீழே எதிர்வீட்டம்மா வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறார். அவருக்காவது தெருவிளக்கு இருக்கிறது. மாடியில் வேலை செய்பவருக்கு விளக்கும் கிடையாது, புள்ளியும் கிடையாது. இப்படி வட்ட வலை பின்னும் சிலந்திகளுக்குக் கண் பார்வையும் சுமார்தான். 5:20க்கு வலை முடிந்தது. கோலம் முடிய இன்னும் கால் மணி நேரம் ஆனது.

இன்னும் சில நாளில் போகி. பொங்கலுக்கு முந்தைய இந்த வாரங்களில் தமிழ்நாட்டுச் சிலந்திகளுக்கு நேரம் சரியிருக்காது. வெள்ளையடிப்பு, பரண் காலி, மூலை மூலையாக ஒட்டடை. துடைப்பத்தை நீளக் கழியில் கட்டி, தலையில் துண்டு சுற்றி வீடே கிளம்பும். அந்த வேட்டைக்கு முன்னால், நாம் யாரைத் துரத்துகிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பூச்சி அல்ல, பூச்சிக்கு எமன்

எட்டுக்கால் பூச்சி என்று நாம் வைத்த பெயரிலேயே தப்பு இருக்கிறது. பூச்சி என்றால் ஆறு கால், பெரும்பாலும் இறக்கை, தலையில் இரண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால். இறக்கையும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. தேளும் உண்ணியும்தான் அதன் பங்காளிகள். ரத்தத்தில் நமக்கு இரும்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்றால் சிலந்திக்குத் தாமிரம். அதனால் அதன் ரத்தம் நீலம் கலந்தது.

■ பெட்டிச் செய்தி: சிலந்திக் கணக்கு

• உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். அந்த எண்ணிக்கையை 2022-ல்தான் தாண்டினோம்.
• கொலம்பியாவில் வாழும் பட்டு டிகுவா இனத்தின் ஆண் வெறும் 0.37 மில்லிமீட்டர். குண்டூசித் தலையில் வைத்தாலும் இடம் மிஞ்சும்.
• தென் அமெரிக்காவின் கோலியாத் சிலந்தி காலை விரித்தால் ஏறக்குறைய 30 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்.
• உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் இரை தின்கின்றன என்கிறது 2017-ல் வந்த ஒரு கணக்கு. மனிதகுலம் ஓர் ஆண்டில் தின்னும் இறைச்சியும் மீனும் சுமார் 40 கோடி டன்.
• 1973-ல் அனிதா, அராபெல்லா என்ற இரண்டு சிலந்திகள் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போயின. எடையற்ற நிலையில் முதல் வலை கோணல்மாணல். சில நாளில் பழகிக்கொண்டு ஒழுங்காகவே பின்னின.

காஞ்சிபுரத்தில் கிடைக்காத பட்டு

சிலந்தியின் வயிற்றில் நூல் நூலாக இருப்பதில்லை. புரதக் குழம்பாக இருக்கிறது. பின்பக்கத்துச் சிறு காம்புகள் வழியே வெளியே இழுபடும் அந்த நொடியில்தான் இழையாக இறுகுகிறது. அதுவும் ஒரே நூல் அல்ல. தொங்குவதற்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, பசைச் சுருளுக்கு ஒன்று, இரையைச் சுற்றிக்கட்ட ஒன்று, முட்டைப் பைக்கு ஒன்று. ஒரே உடம்பில் ஏழு வகைச் சுரப்பிகள்வரை உண்டு. நம் ஊர் நெசவாளி ஊடைக்கும் பாவுக்கும் வேறு வேறு நூல் எடுப்பார். இது தேவைக்கேற்ப நூலையே வேறாகச் செய்துகொள்கிறது. வலை பழையதானால் வீணாக்குவதும் இல்லை. சுருட்டித் தின்றுவிட்டு, அதே புரதத்தில் அடுத்த வலை.

மடகாஸ்கர் தீவில் ஒரு சிலந்தி ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு 25 மீட்டர் நீள இழை கட்டுகிறது. டார்வின் பெயரைச் சூட்டி 2010-ல் அறிமுகமான பட்டைச் சிலந்தி அது. அறுபடாமல் அதிர்ச்சியைத் தாங்குவதில் அதன் நூலுக்கு இணையான உயிர்ப்பொருள் அதுவரை யாரும் கண்டதில்லை. குண்டு துளைக்காத உடையில் சேர்க்கும் கெவ்லாரைவிடப் பத்து மடங்கு தாங்கும் என்று அளந்தார்கள்.

அப்படியானால் சிலந்திப் பட்டில் ஏன் யாரும் புடவை நெய்வதில்லை? நெய்திருக்கிறார்கள். புடவை இல்லை, ஒரு துணியும் ஒரு மேலங்கியும். அதே மடகாஸ்கரில், சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி என்ற இருவர் 19-ம் நூற்றாண்டுக் கைக்கருவி ஒன்றின் மாதிரியை மறுபடி செய்தார்கள். காலையில் ஆட்கள் போய்த் தந்திக் கம்பங்களிலும் மரங்களிலும் இருந்த பொன்னிழைச் சிலந்திகளைப் பிடித்து வருவார்கள். 24 சிலந்திகளை ஒரே நேரத்தில் கருவியில் மெல்லப் பொருத்தி, நூலை இழுத்துச் சேர்த்துவிட்டு, மறுபடி கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பட்டுப்புழுவைப்போலக் கொதிநீரில் போடும் வேலை இல்லை. நான்கு ஆண்டு உழைப்பில், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சிலந்திகளிடமிருந்து எடுத்த நூலில் ஒரே ஒரு துணி உருவானது. 2009-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அடுத்து 12 லட்சம் சிலந்திகளின் நூலில் ஒரு மேலங்கி. 2012-ல் லண்டனில் காட்சிக்கு வந்தது. சாயம் எதுவும் போடவில்லை. அந்தத் தங்க நிறம் சிலந்தி கொடுத்தது.

பண்ணை வைத்து வளர்க்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். காலையில் நூறு சிலந்தியை ஒரு பெட்டியில் விட்டால், ஒன்றையொன்று தின்று தீர்த்துக் கொழுத்த சிலதுதான் மிஞ்சும். பட்டுப்புழுவின் சாதுத்தனம் இதனிடம் இல்லை. பாக்டீரியா, ஈஸ்ட், ஆடு என்று பலவற்றின் உடம்பில் சிலந்தியின் மரபணுவைச் செலுத்தி அந்தப் புரதத்தை எடுக்கப் பார்த்தவர்கள் உண்டு. புரதம் கிடைக்கிறது. அதைச் சிலந்தி இழுப்பதுபோல இழுக்கத்தான் கை வரவில்லை.

செத்த சிலந்தி ஏன் சுருண்டு கிடக்கிறது?

மூலையைக் கூட்டும்போது பார்த்திருப்பீர்கள்: செத்த சிலந்தி எட்டுக் காலையும் மார்போடு மடக்கிக்கொண்டு கிடக்கும். நம் முழங்காலை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை. சிலந்திக் காலின் முக்கியமான மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டுவது உடம்புக்குள்ளிருந்து தள்ளப்படும் திரவத்தின் அழுத்தம். ஜேசிபி கை நீள்கிற அதே சூத்திரம். உயிர் போனால் அழுத்தம் போகிறது, மடக்கும் தசை மட்டும் வென்றுவிடுகிறது. தாவும் சிலந்தி தன் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு தூரம் எகிறுவதும் இந்த அழுத்தத்தைப் பின்னங்காலுக்கு ஒரே மூச்சில் அனுப்பித்தான்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2022-ல் இதை வைத்து ஒரு விளையாட்டே ஆடிவிட்டார்கள். செத்த ஓநாய்ச் சிலந்தியின் உடம்பில் ஊசியைச் செருகி, சிரிஞ்சால் காற்றைத் தள்ளினார்கள். கால்கள் விரிந்தன. காற்றை இழுத்தார்கள். கால்கள் மடங்கி எதிரில் இருந்த பொருளைக் கவ்வின. தன் எடையைவிட 1.3 மடங்கு கனத்தைத் தூக்கியது அந்தச் சடலம். நுண்ணிய மின்னணுப் பொருள்களை எடுத்து வைக்கும் இடுக்கியாக்கலாம் என்பது அவர்கள் யோசனை. கேட்கக் கொஞ்சம் குமட்டுகிறது. ஆனால் மக்கிப்போகும் இடுக்கி வேறெங்கே கிடைக்கும்?

கடுகு மூளையின் சதித்திட்டம்

சிலந்தி என்றால் வலை கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் சோம்பேறி என்று நினைப்பவர்கள் போர்ஷியாவைச் சந்திக்க வேண்டும். தாவும் சிலந்திகளில் ஒரு வகை. போர்ஷியா லாபியேட்டா என்ற இனம் இலங்கை, இந்தியா தொடங்கி பிலிப்பைன்ஸ்வரை வாழ்கிறது. பார்க்கக் காய்ந்த சருகுத் துணுக்கு மாதிரி இருக்கும். நடையும் அப்படியே, விட்டு விட்டு, காற்றில் ஆடுவதுபோல. இதன் சாப்பாடு, மற்ற சிலந்திகள்.

அடுத்தவர் வலைக்குள் நுழைவது தற்கொலைக்குச் சமம். போர்ஷியா நுழையாது, விளிம்பில் உட்கார்ந்து வலையை மீட்டும். சிக்கிக்கொண்ட கொசு எப்படித் துடிக்குமோ அப்படி ஓர் அதிர்வு. உள்ளே இருப்பவர் திரும்பவில்லையா? வேறு தாளம். அதற்கும் அசையவில்லையா? இன்னொன்று. எந்தத் தாளத்துக்கு வீட்டுக்காரர் ஓர் அடி எடுத்து வைக்கிறாரோ, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து ராபர்ட் ஜாக்சனும் கூட்டாளிகளும் பல ஆண்டுகள் இதைக் கவனித்தவர்கள். காற்றடித்து வலை முழுவதும் ஆடும் நேரம் பார்த்து போர்ஷியா முன்னேறும், காற்று நின்றால் நின்றுவிடும் என்பதும் அவர்கள் கண்டதே. நேராகப் போனால் மாட்டிக்கொள்வோம் என்றால், இரை கண்ணுக்கு மறைந்துபோகும் சுற்றுவழியில் ஏறி, மேலிருந்து நூலில் இறங்கும். போகும் வழியெல்லாம் எங்கே போகிறோம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. மூளையோ கடுகைவிடச் சிறியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மாமரத்தடிக்குப் போங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் சாரை சாரையாக ஓடும் கிளையில், ஓர் எறும்பு மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடக்கும். நீங்கள் விரலைக் கொண்டுபோனால் மற்ற எறும்புகள் கடிக்க வரும். இது சட்டென்று இலைக்கு அடியில் போய்விடும், இல்லை நூலில் தொங்கிவிடும். எறும்பு நூலில் தொங்காது. அது சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டு ஆறு கால் கணக்குக் காட்டுகிறது. உடம்பிலும் நடுவில் இடுப்புபோல ஓர் ஒடுக்கம். ஆணுக்குத் தாடை அநியாயத்துக்கு நீளம். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைச் சுமந்து போவதுபோலத் தெரியும். கடிக்கும் எறும்பைக் குருவியும் குளவியும் சீண்டுவதில்லை என்பதால் இந்த வேஷம். அதே மரத்தில் இன்னொரு சிலந்தி முசுறு வேஷம் போட்டுக்கொண்டு முசுறையே பிடித்துத் தின்கிறது.

அமெரிக்கக் கண்டங்களில் உள்ள உருண்டைவீச்சுச் சிலந்தி வலையே பின்னுவதில்லை. ஒரு நூல், அதன் நுனியில் ஒரு பசை உருண்டை. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைத் தானே தயாரித்துக் காற்றில் விடும். காதலி அழைக்கிறாள் என்று ஆண் அந்து பறந்து வரும். உருண்டை வீச்சில் கதை முடியும்.

இறக்கை இல்லாமல் கடல் கடந்தவர்கள்

1832-ல் பீகிள் கப்பல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் போலத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது, பாய்மரக் கயிறுகளெல்லாம் மெல்லிழைகளால் மூடியிருந்தன. ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள். டார்வின் வியந்து குறித்து வைத்தார். நூலை மேலே விட்டு, அதில் தொங்கியபடி காற்றில் மிதந்து போவது குஞ்சுகளின் ஊர் மாறும் வழி. எரிமலை வெடித்துப் புதிதாக முளைத்த தீவில்கூட முதலில் வந்து இறங்குகிறவர்களில் சிலந்தியும் உண்டு.

இத்தனை நாள் காற்று மட்டும்தான் காரணம் என்று இருந்தோம். 2018-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா மார்லியும் டேனியல் ராபர்ட்டும் காற்று அசையாத ஒரு பெட்டியில் சிலந்திகளை விட்டு, வெறும் மின்புலத்தை மட்டும் ஏற்படுத்தினார்கள். வளிமண்டலத்தில் இயல்பாக இருக்கும் அளவுதான். சிலந்திகள் கால் நுனியில் எம்பி நின்று, வயிற்றைத் தூக்கி, நூல் விட ஆரம்பித்தன. சில மேலெழுந்தன. மின்புலத்தை அணைத்தால் இறங்கின.

அம்மாவைத் தின்னும் பிள்ளைகள், பால் கொடுக்கும் அம்மா

தென்னிந்தியாவின் வறண்ட காட்டோரங்களில் முள்மரக் கிளைகளில் அழுக்குப் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு கூடு தொங்குவதைக் காணலாம். உள்ளே ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். சேர்ந்து வலை கட்டி, சேர்ந்து வேட்டையாடி, சேர்ந்து பிள்ளை வளர்க்கும் கூட்டுக்குடும்பச் சிலந்தி. தாய் தன் உள்ளுறுப்புகளையே கரைத்துக் குஞ்சுகளுக்கு வாய்வழி ஊட்டுகிறது. கடைசியில் குஞ்சுகள் தாயையே உறிஞ்சிவிடும். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டே பிள்ளை வளர்க்கும் ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

சீனாவில் வேறு ஒரு கதை. டாக்சியஸ் மாக்னஸ் என்ற, அதுவும் எறும்பு வேஷம் போடும், தாவும் சிலந்தி குஞ்சுகளுக்குப் பால் கொடுக்கிறது என்று 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தபோது விலங்கியல்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் வாரம் கூட்டின் தரையில் சொட்டு வைக்கிறது. பிறகு குஞ்சுகள் நேரே தாயின் அடிவயிற்றில் வாய் வைத்துக் குடிக்கின்றன. பசும்பாலைவிட நான்கு மடங்கு புரதம். பாதி வளர்ந்து, தாமே வேட்டைக்குப் போய்வரும் பிள்ளைகளும் வீடு திரும்பிக் குடிக்கின்றன. பால் சுரக்கும் இடத்தை அடைத்துப் பார்த்தபோது பச்சைக் குஞ்சுகள் ஒன்றும் தேறவில்லை.

ஐரோப்பாவில் ஓர் ஆண் சிலந்தி பெண் பார்க்கப் போகும்போது சீர் கொண்டுபோகும். ஈயோ எதுவோ, பட்டு நூலில் பொதிந்து கொடுக்கும். அவள் பிரித்துத் தின்னும் நேரம் இவனுக்குப் பாதுகாப்பு. சில கில்லாடிகள் உள்ளே தின்று முடித்த சக்கையை வைத்துப் பொதிந்து நீட்டுவதும் உண்டு.

இந்தக் கூட்டத்தில் நான் மறக்க முடியாதவர் பெயரே இல்லாத ஒருவர். எண் 16. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதிக் காட்டில் மண்ணுக்குள் வளை தோண்டி, மூடி போட்டு வாழ்ந்த பெண் சிலந்தி. பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974-ல் அந்த வளைக்கு எண் போட்டார். அன்றிலிருந்து வருஷா வருஷம் போய்ப் பார்த்தார். சிலந்தி அதே வளையில்தான். ஆய்வாளருக்கு வயதானது, மாணவர்கள் வந்தார்கள், சிலந்தி அங்கேயே இருந்தது. 2016-ல் மூடியில் ஓட்டை. குளவி குத்தியிருந்தது. வயது 43.

■ பெட்டிச் செய்தி: ‘எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிடுச்சு!’

காலையில் எழுந்தால் கழுத்திலோ கையிலோ கோடு போட்டதுபோலக் கொப்புளம். ‘ராத்திரி எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிருக்கும்’ என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சிலந்தி நிரபராதி. மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடி வரும் மெல்லிய, கருப்பும் ஆரஞ்சுமான ஒரு வண்டு உண்டு. தூக்கத்தில் அதைத் தோலோடு வைத்து நசுக்கினால் அதன் உடல்நீர் பட்டுப் புண்ணாகும். உடம்பின் ஒரு பக்கமாக மட்டும் கொத்துக் கொத்தாக எரிச்சலோடு வந்தால் அது அக்கி. சின்னம்மை வைரஸின் மறுவருகை. இரண்டுக்கும் டாக்டரிடம் போங்கள், குறிப்பாக அக்கிக்குச் சீக்கிரமாக.

சிலந்திகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு, ஆனால் அது கொசு அளவுக்கானது. நம் வீட்டுச் சுவர்களில் இருப்பவற்றின் பல் பெரும்பாலும் நம் தோலில் இறங்குவதே இல்லை. உலகின் ஆபத்தான சிலந்திகளில் முதல் வரிசையில் நிற்பது சிட்னி புனல்வலைச் சிலந்தி. அதற்கும் 1981-ல் மாற்று மருந்து வந்துவிட்டது. அதன்பின் உயிரிழப்பு இல்லை. இன்னோர் ஆஸ்திரேலியப் புனல்வலைச் சிலந்தியின் நஞ்சிலிருந்து எடுத்த ஒரு மூலக்கூறு, பக்கவாதம் வந்து சில மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் எலிகளின் மூளைச் சேதத்தைக் குறைத்ததைக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2017-ல் காட்டினார்கள்.

வயலில் ஒரு வேலையாள், சம்பளம் கிடையாது

வியப்புகளை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். சிலந்தி நம் சோற்றில் கை வைக்கும் இடத்துக்கு வருவோம். கை வைப்பது தட்டிப் பறிக்க இல்லை, காப்பாற்ற.

நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குப் புகையானை அறிமுகம் செய்ய வேண்டாம். தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி. வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்ததுபோல் காய்ந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். மருந்தடிப்பது வழக்கம். அங்கேதான் சிக்கல். புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. வெளியில் அலைகிற ஓநாய்ச் சிலந்தி மருந்தில் செத்துப்போகும். ஒரு வாரம் கழித்து முட்டை பொரியும்போது வயலில் காவல் இல்லை. அடித்தவர் வயலில்தான் புகையான் அதிகம் என்ற விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

1970-களில் ஆசியா முழுக்க இது நடந்தது. உயர் விளைச்சல் ரகங்களோடு மருந்தும் வந்தது, மருந்தோடு புகையானும் வந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் கென்மோர் போன்றவர்கள் வயலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். இந்தோனேசியா 1986-ல் ஒரே ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. மருந்துக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் படிப்படியாக வெட்டியது. விளைச்சல் விழவில்லை.

நெல்வயல் ஓநாய்ச் சிலந்தி ஒன்று ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரைவரை பிடிக்கும். வலை கட்டாது. தூரடியில் ஓடும், தண்ணீர் மேலும் ஓடும். முட்டைப் பையைப் பின்புறத்தில் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும் சிலந்தியைப் பார்த்தால் அதுதான். பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் அம்மா முதுகில் ஏறிக்கொள்ளும். இலை நுனியில் ஈர்க்குச்சி மாதிரி காலை நீட்டிப் படுத்திருக்கும் மெலிந்த சிலந்தி இன்னொரு காவலாளி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. எப்போது மருந்தடிக்கலாம் என்பதற்கான கணக்கு அது. வயலில் சிலந்தி இல்லையென்றால், தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். அரசாங்கத் தாளில் சிலந்திக்கு இப்படி ஒரு மதிப்புப் போட்டிருக்கிறார்கள். ஒரு குத்தில் ஒரு சிலந்தி நின்றால் உங்கள் சகிப்பு எல்லை இரண்டு மடங்கு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் பக்கத்து வயல்காரர் அடித்தார் என்று அடிப்பதுதான் நம் செலவு. வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டு வைத்தால் சிலந்திக்கும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும், பயறு நமக்கு.

ஒரு கோயிலில் அரசர், இன்னொரு கோயிலில் அகதி

திருவானைக்காவில் ஒரு சிலந்தி, லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப் பந்தல் போட்டதாகத் தலபுராணம். யானை அதைத் தூசி என்று கலைத்தது. கோபத்தில் துதிக்கைக்குள் புகுந்து கடித்தது சிலந்தி, இரண்டுமே மாண்டன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினானாம். அறுபத்து மூவரில் ஒருவராகவும் ஆகிவிட்டார். பழைய பகையை மறக்காத அரசர்.

ராமேஸ்வரத்துக் கோயில் சிலந்திக்கு அந்த யோகம் இல்லை. ஹனுமவிலாசம் கோயில் தோப்பில் கிடைத்த ஒரு பெரிய மரச்சிலந்திக்கு, 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அந்தக் கோயில் பெயரையே வைத்தார்: பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. ராமேஸ்வரம் பாராசூட் சிலந்தி என்றும் சொல்வார்கள். பழைய மரங்களின் பொந்தில் பகலெல்லாம் பதுங்கியிருந்து இரவில் வேட்டைக்கு வரும். நான்கே ஆண்டில், 2008-ல், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பிற்பாடு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அதே சிலந்தியைக் கண்டார்கள். ஒரு காலத்தில் நிலம் இணைந்திருந்ததற்கு இப்படியும் ஒரு சாட்சி.

இந்தப் பேரினமே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் சொந்தம். 2009-ல், போர் முடிந்த சுவட்டில், வட இலங்கையில் கிராமத்தார் கொன்று கொண்டுவந்த ஒரு சிலந்தியை வைத்துத் தேடப் போனவர்கள் கை அகலத்துக்கு மேலான புதிய இனத்தைக் கண்டார்கள்; மாங்குளம் மருத்துவமனை வளாகத்துப் பழைய கட்டடத்திலும் இருந்தது. அந்தப் பகுதியில் துணைக்கு வந்த போலீஸ் அதிகாரி ஒருவரின் பெயரால் அது ராஜேயி ஆனது.

ஆந்திராவின் கூட்டி ரயில் நிலையத்து மரக் கிடங்கில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியை வைத்து 1899-ல் போகாக் என்பவர் பெயர் வைத்த இனம் மயில் கழுத்து நீலம். அதன்பின் நூறு ஆண்டு யார் கண்ணிலும் படவில்லை. ரயிலில் ஏற்றி வந்த விறகோடு வந்திருக்க வேண்டும். 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று அதன் காடு நூறு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்லப்பிராணியாகக் கண்ணாடிப் பெட்டிகளில் அது ஏராளம். 2019-ல் ஜெனீவாவில் கூடிய வனஉயிர் வணிக உடன்படிக்கை மாநாடு இந்தப் பேரினம் முழுவதையும் அனுமதியில்லாமல் நாடு கடத்தக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெட்டியைத் தடுக்கும். பொந்துள்ள கிழ மரத்தை வெட்டுவதைத் தடுக்காது.

போகிக்கு முன்னால்

உங்கள் வீட்டில் குடியிருப்போர் மூவராவது இருப்பார்கள். கூரை மூலையில் முடி மாதிரி காலோடு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கிடுகிடுவென்று ஆடுகிறவர். கொசுவும் பிடிப்பார், பக்கத்து வீட்டுச் சிலந்தியையும் பிடிப்பார். ஜன்னல் கம்பியில் திரும்பித் திரும்பி உங்களையே பார்க்கும் குள்ளர், தாவும் சிலந்தி. மூன்றாவது, குளியலறையில் உள்ளங்கை அகலத்தில் சுவரோடு ஒட்டியிருந்து உங்களை அலறவைக்கும் பெரியவர். வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தால் அது அம்மா. வில்லை முட்டைப் பை.

ஒட்டடை அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தூசி படிந்து கறுத்துத் தொங்குவது ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு, தாராளமாக அடியுங்கள். பளபளவென்று, நடுவில் ஆளோடு இருந்தால் மட்டும் குச்சியை நிறுத்துங்கள். ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடி, அடியில் போன வருஷத்துப் பொங்கல் வாழ்த்து அட்டையைச் செருகி, வெளியே செடியில் விட்டுவிடலாம். குளியலறைப் பெரியவரை மட்டும் அங்கேயே இருக்க விடுங்கள். கரப்பான் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார்.